கென்யாவின் நகரங்களுக்கு முதல்முறை போகிறவர்களுக்கு

கென்யா என்றதும் நமக்கு மசாய் மாராவும் சிங்கமும்தான் நினைவுக்கு வரும். பயண நிறுவனங்கள் விற்கிற திட்டங்களும் அப்படித்தான் இருக்கின்றன. நைரோபியில் இறங்கியதும் வண்டி, நேரே காடு, திரும்ப வந்து ஓர் இரவு விடுதி, மறுநாள் விமானம். 2019 கணக்கெடுப்பின்படி ஏறக்குறைய 44 லட்சம் பேர் வாழும் தலைநகரம் அந்தத் திட்டத்தில் வெறும் தூங்கி எழும் இடமாகிவிடுகிறது. மொம்பாசா மாதிரி பல நூற்றாண்டு பழைய துறைமுகத்துக்கு இடமே இல்லை. எனக்கு இது பெரிய இழப்பாகத் தோன்றுகிறது. பத்து நாள் போகிறீர்கள் என்றால் அதில் பாதியை நகரங்களுக்குக் கொடுங்கள். செலவும் சஃபாரியைவிடப் பல மடங்கு குறைவு. எப்படிப் போவது, என்ன பார்ப்பது என்று வரிசையாகச் சொல்கிறேன்.

கிளம்பும் முன்

கென்யா 2024 ஜனவரியில் விசாவை எடுத்துவிட்டு, இ.டி.ஏ. என்ற மின்னணுப் பயண அனுமதியைக் கொண்டுவந்தது. இந்திய, இலங்கை பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்கு இது வேண்டும். பாஸ்போர்ட் பக்கம், புகைப்படம், போக வர டிக்கெட், தங்குமிட முன்பதிவு ஆகியவற்றை வைத்து இணையத்தில் விண்ணப்பிக்க வேண்டும். சில நாளில் வந்துவிடும். ஆனாலும் இரண்டு வாரம் முன்பே முடித்துவிடுங்கள். அரசுத் தளம் போலவே தோற்றம் காட்டி அதிகக் கட்டணம் பிடுங்கும் தளங்கள் நிறைய உண்டு. தேடலில் முதலில் வருவதைத் தொடாமல், கென்ய அரசின் முகவரிதானா என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

அடுத்தது மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி. இதில் பலர் கோட்டைவிடுகிறார்கள். இந்தியாவிலிருந்து நேராகப் போகிறவர்களிடம் கென்யா இதைக் கட்டாயமாகக் கேட்பதில்லை. சிக்கல் திரும்பி வரும்போதுதான். கென்யா மஞ்சள் காய்ச்சல் உள்ள நாடு என்பதால், சான்றிதழ் இல்லாமல் வருகிறவர்களை இந்தியாவில் ஆறு நாள் வரை தனிமையில் வைக்கலாம். இலங்கையும் சான்றிதழ் கேட்கிறது. ஊசி போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லும். ஒருமுறை போட்டால் வாழ்நாள் முழுக்கப் போதும். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள். நாளும் நேரமும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். கையோடு மலேரியா பற்றியும் மருத்துவரிடம் பேசுங்கள். நைரோபி உயரத்தில் இருப்பதால் அங்கே மலேரியா ஆபத்து குறைவு. மொம்பாசாவிலும் மேற்கே ஏரிக்கரை ஊரான கிசுமுவிலும் அப்படி இல்லை.

பெட்டி கட்டும்போது ஒரு விஷயம். 2017 ஆகஸ்ட் முதல் கென்யாவில் பிளாஸ்டிக் பைகளுக்குத் தடை, அபராதமும் கடுமையானது. பருப்புப்பொடியையும் ஊறுகாயையும் பாலித்தீன் கவரில் சுற்றி வைக்கிற நம் வழக்கத்தை இங்கே விட்டுவிட வேண்டும். டப்பாவில் போடுங்கள், கூடவே இரண்டு மஞ்சப்பை. வழியில் டூட்டி ஃப்ரீ கடையில் கொடுத்த பையையும் இறங்குமுன் கழற்றிவிடுங்கள். நைரோபி கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,700 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஜூலையில் போனால் காலையிலும் இரவிலும் ஸ்வெட்டர் இல்லாமல் முடியாது. மொம்பாசாவுக்கு மெல்லிய பருத்தி உடை. மார்ச் முதல் மே வரை பெருமழை, அக்டோபர் முதல் டிசம்பர் வரை சிறுமழை. மின் இணைப்புக்குச் சதுரக் கால் மூன்று உள்ள பிளக் வேண்டும், இந்தியாவிலிருந்து போகிறவர்கள் அடாப்டர் எடுத்துக்கொள்ளுங்கள்.

இறங்கியதும்: சிம், எம்-பெசா, வண்டி

விமான நிலையத்தை விட்டு வெளியே வருமுன் சஃபாரிகாம் சிம் ஒன்று வாங்குங்கள். பாஸ்போர்ட்டைக் காட்டினால் பதிவு செய்து கொடுப்பார்கள். அப்போதே எம்-பெசாவையும் திறந்து தரச் சொல்லுங்கள். 2007-இல் தொடங்கிய இந்தச் செல்பேசிப் பணம் இல்லாமல் கென்யாவில் ஒரு நாள் ஓட்டுவதும் கஷ்டம். அரசு அருங்காட்சியகம், ரயில், வனத்துறை நுழைவாயில் எனப் பல இடங்களில் ரொக்கம் வாங்குவதே இல்லை. நம் ஊர் யு.பி.ஐ. பழகியவர்களுக்கு ஒரே வேறுபாடு, இதற்கு வங்கிக் கணக்கு தேவையில்லை. பச்சைப் பலகை மாட்டிய முகவர் கடையில் ரொக்கத்தைக் கொடுத்தால் உங்கள் எண்ணில் ஏறிவிடும். கடைகளில் ‘டில்’ எண் எழுதி ஒட்டியிருக்கும். அந்த எண், தொகை, ரகசிய எண் மூன்றையும் போட்டால் முடிந்தது. அனுப்பும் முன் திரையில் வரும் பெயர் கடைக்காரருடையதா என்று பாருங்கள். ‘தவறுதலாக உங்களுக்குப் பணம் அனுப்பிவிட்டேன், திருப்பி அனுப்புங்கள்’ என்று குறுஞ்செய்தியோ அழைப்போ வந்தால் நம்பாதீர்கள். முதலில் இருப்பைப் பாருங்கள்.

டாலர் கொண்டுபோகிறவர்கள் புதிய, மடிப்பில்லாத நோட்டாகக் கொண்டுபோங்கள். பழைய வருட நோட்டுகளை வாங்க மாட்டார்கள். கொஞ்சம் ஷில்லிங் ரொக்கமாகவும் கையில் இருக்கட்டும்.

நகருக்குள் போக ஊபர், போல்ட் இரண்டும் உண்டு. ஓட்டுநர் ‘எக்ஸ்பிரஸ்வேயா, மொம்பாசா ரோடா?’ என்று கேட்பார். 2022-இல் திறந்த மேம்பாலச் சாலைக்குச் சுங்கம் தனி, அதைப் பயணிதான் கொடுக்க வேண்டும். மாலை நேரமென்றால் யோசிக்காமல் கொடுத்துவிடுங்கள், கீழே நெரிசலில் ஒரு மணி நேரம் போய்விடும்.

தங்க வெஸ்ட்லேண்ட்ஸ், கிலிமானி, பார்க்லேண்ட்ஸ் ஆகிய பகுதிகள் நல்லவை. சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு பார்க்லேண்ட்ஸ்தான் சரி, பல தலைமுறையாகக் குடியிருக்கும் குஜராத்திக் குடும்பங்களால் அங்கே உணவுக்குக் கவலையே இல்லை. ரிவர் ரோடு பக்கம் மலிவு விடுதிகள் நிறைய உண்டு. முதல்முறை போகிறவர்களுக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன்.

நைரோபியில் முதல் நாள்: நடந்து பாருங்கள்

1899-இல் மொம்பாசாவிலிருந்து வந்த ரயில் பாதைக்கு ஒரு கிடங்காகத் தொடங்கிய ஊர் இது. மையப்பகுதி சிறியது, காலையில் ஆரம்பித்தால் மதியத்துக்குள் நடந்து முடிக்கலாம்.

மோய் அவென்யூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் தொடங்குங்கள். பெயரைப் பார்த்துக் கோப்புகள் இருக்கும் இடம் என்று நினைத்துப் பலர் தாண்டிப் போய்விடுகிறார்கள். கீழ்த்தளம் முழுக்க ஜோசப் முரும்பி சேர்த்த கலைப்பொருட்கள். முரும்பி கோவாத் தந்தைக்கும் மசாய்த் தாய்க்கும் பிறந்தவர், இந்தியாவில் பள்ளிப் படிப்பு, 1966-இல் கென்யாவின் துணை அதிபர். ஆப்பிரிக்கா முழுவதிலிருந்தும் அவர் சேர்த்த முகமூடிகள், ஆயுதங்கள், துணிகள், நகைகள் எல்லாம் ஒரே கூடத்தில் இருக்கின்றன. அந்தக் கட்டடம்கூட முன்பு பேங்க் ஆஃப் இந்தியா இருந்த கட்டடம். ஒரு மணி நேரமாவது ஒதுக்குங்கள்.

வெளியே வந்தால் டாம் ம்போயா சிலை. சுதந்திரப் போராட்டத் தலைவர், அமைச்சர். 1969 ஜூலை 5 அன்று இதே தெருவில் சுட்டுக் கொல்லப்பட்டார். அங்கிருந்து தெற்கே நடந்தால் ஆகஸ்ட் 7 நினைவுப் பூங்கா. 1998-இல் அமெரிக்கத் தூதரகத்தின் மீது குண்டுவெடிப்பு நடந்த இடம். 200-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், பெரும்பாலானோர் கென்யர்கள். பெயர்கள் சுவரில் பொறிக்கப்பட்டிருக்கின்றன. உள்ளே அலுவலக ஊழியர்கள் மதிய நேரத்தில் அமைதியாக உட்கார்ந்திருப்பார்கள். பேச்சைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து கே.ஐ.சி.சி. எனப்படும் மாநாட்டு மையக் கோபுரம். 28 மாடி, 1973-இல் முடிந்தது. பாஸ்போர்ட்டைக் காட்டிக் கட்டணம் செலுத்தினால் உச்சிக்கே போகலாம். வானம் தெளிவாக இருந்தால் ஒரு பக்கம் நைரோபி தேசியப் பூங்காவின் புல்வெளியும் தெரியும். பிறகு கிமாத்தி தெரு வழியாக வடக்கே வாருங்கள். ஆங்கிலேயர் ஆட்சியை எதிர்த்த மாவ் மாவ் இயக்கத்தின் தளபதி டெடான் கிமாத்தியின் சிலை, ஜாமியா மசூதி, 1931-இல் திறந்த மெக்மில்லன் நூலகம் எல்லாம் அடுத்தடுத்து. அதற்கு மேல் பியாஷாரா தெரு. ஒரு காலத்தில் இந்தியன் பஜார் என்றே அதற்குப் பெயர், இன்றும் துணிக்கடைகள்தான். கங்கா, கிகோய் துணிகளை இங்கே வாங்கலாம். நினைவுப் பொருட்களுக்கு மசாய் சந்தை உண்டு, அது கிழமைக்கு ஒரு இடத்தில் கூடும், விடுதியில் கேட்டால் சொல்வார்கள். சொன்ன விலையில் பாதியில் பேரம் தொடங்கலாம், சிரித்துக்கொண்டே பேசுங்கள்.

தெருவில் செல்பேசியைக் கையில் வைத்துக்கொண்டு நடக்காதீர்கள். வழி பார்க்க வேண்டுமென்றால் ஒரு கடைக்குள் போய்ப் பாருங்கள். பறித்துக்கொண்டு மோட்டார் சைக்கிளில் போய்விடுவார்கள். பேருந்தின் சன்னலோரமும் அப்படித்தான். இருட்டிய பிறகு மையப்பகுதியில் நடக்க வேண்டாம், டாக்சி எடுங்கள். காவலர்கள், ராணுவம், அதிபர் மாளிகை ஆகியவற்றைப் படம் எடுக்கக் கூடாது. ஜூன் 25, ஜூலை 7 ஆகிய நாட்களில் நீங்கள் அங்கே இருந்தால் செய்தியைப் பார்த்துவிட்டு வெளியே போங்கள். 2024-இல் வரி மசோதாவை எதிர்த்து இளைஞர்கள் நடத்திய போராட்டத்துக்குப் பிறகு, அந்த நாட்களில் நகரின் மையம் அடைபடலாம்.

இரண்டாம் நாளும் மூன்றாம் நாளும்

தேசிய அருங்காட்சியகத்தைத் தவறவிடாதீர்கள். 1984-இல் துர்கானா ஏரிக்கரையில் கமோயா கிமேயு கண்டெடுத்த எலும்புக்கூடு அங்கே இருக்கிறது. ஏறக்குறைய 15 லட்சம் ஆண்டுக்கு முன் வாழ்ந்த சிறுவனுடையது. மனிதனின் முன்னோர்களில் இவ்வளவு முழுமையாகக் கிடைத்த எலும்புக்கூடுகள் மிகச் சில. கண்ணாடிக்கு முன்னால் நின்று அந்த விலா எலும்புகளைப் பார்க்கும்போது வரும் உணர்வு எந்தச் சிங்கத்தைப் பார்த்தும் எனக்கு வந்ததில்லை.

ரயில்வே அருங்காட்சியகம் நம்மவர்களுக்குக் கட்டாயம். 1896-இல் தொடங்கிய உகாண்டா ரயில் பாதையைப் போட 30,000-க்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் இந்தியாவிலிருந்து கொண்டுபோகப்பட்டார்கள், பெரும்பாலும் பஞ்சாபிகள். ஏறக்குறைய 2,500 பேர் அங்கேயே இறந்தார்கள். 1900-இல் ஒரு போலீஸ் அதிகாரியைச் சிங்கம் உள்ளே புகுந்து இழுத்துப்போன பெட்டி இன்றும் அங்கே நிற்கிறது. எல்லாரும் அதைத்தான் படம் எடுக்கிறார்கள். பாதை போட்டவர்களின் பழைய புகைப்படங்களையும் நின்று பாருங்கள்.

மாலைக்கு கருரா காடு. நகரத்துக்குள் 1,000 ஹெக்டேருக்கும் மேல். 1990-களின் கடைசியில் இதைத் துண்டுபோட்டு விற்கப் பார்த்தபோது வங்காரி மாத்தாய் அடிவாங்கியும் விடாமல் காப்பாற்றினார். 2004-இல் அவருக்கு நோபல் அமைதிப் பரிசு கிடைத்தது. இன்று குடும்பங்கள் சைக்கிள் ஓட்டுகிற, அருவி வரை நடக்கிற இடம். விலங்குகள் பார்த்தே ஆக வேண்டுமென்றால் நைரோபி தேசியப் பூங்கா நகரின் விளிம்பிலேயே இருக்கிறது. 117 சதுர கி.மீ., 1946 முதல். காலை ஆறு மணிக்குப் போனால் மதியச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடலாம்.

கிபேரா போன்ற குடிசைப் பகுதிகளுக்குச் ‘சுற்றுலா’ என்று கூட்டிப்போகிறவர்கள் உண்டு. அதற்குப் போகாதீர்கள். மக்களின் வறுமையைக் காசு கொடுத்து வேடிக்கை பார்ப்பது தவறு.

மட்டாட்டு ஏறுவது எப்படி

நைரோபியின் உயிர் மட்டாட்டு எனப்படும் தனியார் பயணிகள் வண்டிதான். 14 பேர் உட்காரும் வேனும் உண்டு, 33 பேர் பேருந்தும் உண்டு. வெளியே ஓவியம், உள்ளே பெரிய ஒலிபெருக்கி, திரை, வண்ண விளக்கு என்று இழைத்திருந்தால் அதை ‘ங்கான்யா’ என்பார்கள். ரொங்காய் போகும் 125-ஆம் எண் தடம் இதற்குப் பேர்போனது. இளைஞர்கள் எந்த வண்டி என்று பார்த்து, காத்திருந்து ஏறுவார்கள்.

ஏறும் முன் நடத்துநரிடம் ஊரையும் கட்டணத்தையும் கேளுங்கள். மழை பெய்தால் கட்டணம் ஏறும், மாலையிலும் ஏறும். அது ஏமாற்று இல்லை, எல்லாருக்கும் அதே விலைதான், பக்கத்தில் இருப்பவர் என்ன கொடுக்கிறார் என்று பாருங்கள். சில்லறை வைத்துக்கொள்ளுங்கள். இறங்க வேண்டுமென்றால் ‘ஷுகிஷா’ என்று குரல் கொடுத்தால் நிறுத்துவார்கள். முதல் பயணம் பகல் வெளிச்சத்தில், கூட்டம் குறைந்த பதினொரு மணி வாக்கில் இருக்கட்டும். போடா போடா எனப்படும் மோட்டார் சைக்கிள் டாக்சி வேகமானதுதான், விபத்தும் அதிகம். நான் தவிர்க்கவே சொல்வேன்.

யாரிடமும் எதையும் நேராகக் கேட்காதீர்கள். முதலில் ‘ஹபாரி?’ என்று நலம் விசாரியுங்கள், ‘ந்சூரி’ என்று பதில் வரும், அப்புறம் வழி கேளுங்கள். வயதானவர்களுக்கு ‘ஷிகாமோ’. இந்த இரண்டு நொடி மரியாதைக்குக் கிடைக்கும் உதவி பெரியது.

நேரத்தையும் உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். சுவாஹிலியில் மணியை விடியலிலிருந்து எண்ணுவார்கள். காலை ஏழு மணி அவர்களுக்கு ஒரு மணி. ‘சா ம்பிலி’ என்று டுக்-டுக் (ஆட்டோ) ஓட்டுபவர் சொன்னால் சொல்லுக்குச் சொல் ‘இரண்டு மணி’தான், ஆனால் அவர் வரப்போவது காலை எட்டுக்கு.

சாப்பாடு

நம் நாக்குக்குக் கென்யா அந்நியமே இல்லை. உகாலி என்பது வெள்ளை மக்காச்சோள மாவில் கிண்டிய களி மாதிரி, கையால் பிடித்துக் குழம்போடு சாப்பிட வேண்டும். சாப்பிடும் முன் கை கழுவத் தண்ணீர் மேசைக்கே வரும் கடைகளும் உண்டு. கிபாண்டா எனப்படும் தெருவோரக் கடைகளில் ‘ந்தெங்கு சப்பாத்தி’ கேளுங்கள். ந்தெங்கு பச்சைப்பயறுக் குழம்பு. சப்பாத்தி நம்முடையதைவிடத் தடிமனாக, அடுக்கு விட்டு வரும். கித்தேரி மக்காச்சோளமும் பீன்ஸும் சேர்த்து வேகவைத்தது, சுக்குமா விக்கி கீரை. சைவம் என்றால் ‘சிலி ன்யாமா’ என்று சொல்லுங்கள், ‘இறைச்சி சாப்பிட மாட்டேன்’ என்று பொருள். கோழி, மீன் வேண்டாம் என்றால் அதையும் தனியாகச் சொல்ல வேண்டும். அசைவம் சாப்பிடுகிறவர்களுக்கு ன்யாமா சோமா, கரியில் வாட்டிய ஆட்டிறைச்சி, கிலோ கணக்கில் வாங்கிப் பகிர்ந்து சாப்பிடுவது.

பாலோடு சேர்த்துக் கொதிக்கவைத்த தேநீரும் எண்ணெயில் பொரித்த மந்தாசி ரொட்டியும் எங்கும் கிடைக்கும். பார்க்லேண்ட்ஸில் மாரு பஜ்ஜியாவை விடாதீர்கள், மெல்லிய உருளைக்கிழங்கு வில்லைகளைக் கடலை மாவில் தோய்த்துப் பொரித்துத் தக்காளிச் சட்னியோடு தருவார்கள். இந்திய வம்சாவளியினரை 2017-இல் கென்ய அரசு நாட்டின் 44-ஆவது இனக்குழுவாக அறிவித்தது. அவர்கள் கொண்டுபோன சப்பாத்தியும் சமோசாவும் அதற்கு வெகு முன்பே கென்ய வீடுகளுக்குள் போய்விட்டன.

ரயிலில் மொம்பாசா

விமானத்தில் போகாதீர்கள், ரயிலில் போங்கள். 2017-இல் ஓடத் தொடங்கிய மடராக்கா எக்ஸ்பிரஸ் ஐந்து, ஆறு மணி நேரத்தில் கொண்டுபோய்ச் சேர்க்கும். 2024 ஜனவரியில் சாதாரண வகுப்புக் கட்டணம் 1,500 ஷில்லிங்காக உயர்ந்தது. எம்-பெசா வழியாகச் சில நாள் முன்பே எடுத்துவிடுங்கள், வார இறுதியில் கிடைக்காது. பாஸ்போர்ட் எண் டிக்கெட்டில் இருக்க வேண்டும். ரயில் கிளம்புவது சியோகிமாவ் பக்கமுள்ள புதிய நிலையத்திலிருந்து. நகர மையத்தின் பழைய நிலையத்துக்குப் போய் நிற்காதீர்கள். பைகளை வரிசையாகத் தரையில் வைத்து மோப்ப நாய்கள் வந்து போகும், பிறகு இன்னொரு சோதனை. ஒரு மணி நேரம் முன்பே இருங்கள்.

காலை வண்டியைப் பிடியுங்கள். த்சாவோ காட்டின் நடுவே பகலில் போகும். செம்மண் பூசிய யானைகள் பல நாட்களில் சன்னலிலிருந்தே தெரியும், தனியாகச் சஃபாரிக் கட்டணம் கிடையாது. மொம்பாசா நிலையம் மிரிட்டினியில், ஊருக்கு வெளியே. வாசலில் மட்டாட்டுகளும் டாக்சிகளும் நிற்கும்.

மொம்பாசாவில் அவசரப்படாதீர்கள், வெயிலும் புழுக்கமும் விடாது. காலை ஏழு மணிக்குப் பழைய நகரத்தில் இருங்கள். மஹாம்ரியும் ம்பாசியும்தான் அந்த ஊர்க் காலை உணவு. ஏலக்காயும் தேங்காய்ப்பாலும் சேர்த்துப் பிசைந்து பொரித்த உப்பலான ரொட்டி, கூடவே தேங்காய்ப்பாலில் வெந்த துவரை. பிறகு ஜீசஸ் கோட்டை. போர்த்துக்கீசியர் 1593-இல் கட்டத் தொடங்கியது. ஓமானியர் 1696 முதல் 1698 வரை முற்றுகையிட்டுப் பிடித்தார்கள். ஆங்கிலேயர் சிறையாக்கினார்கள். 2011 முதல் யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிறது. போர்த்துக்கீசிய மாலுமிகள் காரைச் சுவரில் கிறுக்கிய கப்பல் படங்களையும், 1697-இல் கோட்டைக்கு எதிரே மூழ்கிய கப்பலிலிருந்து எடுத்த பொருட்களையும் தேடிப் பாருங்கள். வழிகாட்டி வேண்டுமென்றால் வாசலில் அடையாள அட்டை உள்ளவரை, தொகையைப் பேசிக்கொண்டு.

மதியம் விடுதியில் ஓய்வு, மாலை மீண்டும் சந்துகளுக்கு. செதுக்கிய மரக்கதவுகள், சிறு பால்கனிகள், 1570-இல் கட்டிய மந்திரி பள்ளிவாசல். இஸ்லாமியர் குடியிருப்பு என்பதால் தோளும் முழங்காலும் மூடிய உடை நல்லது. பெண்களைக் கேட்காமல் படம் எடுக்க வேண்டாம். ரமலான் மாதத்தில் பகலில் கடைகள் பல மூடியிருக்கும், இரவில் ஊர் விழித்திருக்கும். பித்தளைக் கூஜாவில் கரி அடுப்போடு இஞ்சி சேர்த்த கடுங்காப்பி விற்பவர் வருவார், சின்னக் கோப்பையில் இரண்டு குடித்தால் களைப்பு போய்விடும். மாடாஃபு என்று கேட்டால் இளநீர். மசாலா வாங்க மரிகிட்டி சந்தை.

தெற்குக் கரையின் டியானி கடற்கரைக்கு லிகோனி படகில் தாண்டிப் போகலாம். நடந்து ஏறுகிறவர்களுக்கு இலவசம். காலை, மாலை நெரிசலில் பையை முன்பக்கம் மாட்டிக்கொள்ளுங்கள். அக்கரையில் உகுண்டா வரை மட்டாட்டு, அங்கிருந்து டுக்-டுக்.

நேரம் இருந்தால் மேற்கே

நகுரு 2021-இல்தான் நகர அந்தஸ்து பெற்றது. நைரோபியிலிருந்து ஏறக்குறைய 160 கி.மீ. வழியில் பெரும் பிளவுப் பள்ளத்தாக்கின் விளிம்பில் வண்டி நிற்கும், இறங்கிப் பாருங்கள். ஊரிலிருந்து மெனெங்காய் எரிமலைவாய்க்கு அரை நாள் போதும். நகுரு ஏரியில் ஃபிளமிங்கோ எனப்படும் பூநாரைக் கூட்டம் முன்பு போல் இல்லை, நீர்மட்டம் ஏறியதால் பல பறவைகள் வேறு ஏரிகளுக்குப் போய்விட்டன.

கிசுமு விக்டோரியா ஏரிக்கரை ஊர், 1901-இல் அந்தப் பழைய ரயில் பாதை வந்து முடிந்த இடம். ஞாயிற்றுக்கிழமை கிபுயே சந்தை, மாலையில் டுங்கா கரையில் முழுசாகப் பொரித்த திலாப்பியா. எல்டொரெட் 2024-இல் ஐந்தாவது நகரமானது. ஓட்டப்பந்தயத்தில் ஆர்வம் இருந்தால் மட்டும் போங்கள். அங்கிருந்து இட்டேன் என்ற சிறு நகரம் பக்கம்தான், விடிகாலையில் உலகச் சாம்பியன்கள் மண் சாலையில் கூட்டமாக ஓடுவதைப் பார்க்கலாம்.

ஊர் திரும்பும் நாளில் எம்-பெசாவில் மிச்சமிருக்கும் பணத்தை ஊருக்குள்ளேயே ஒரு முகவரிடம் எடுத்துவிடுங்கள். தந்தம் எந்த வடிவிலும் வாங்காதீர்கள். நைரோபி விமான நிலைய நுழைவில் வண்டியை நிறுத்திப் பயணிகளை இறக்கி, நடந்து போய்ச் சோதனை முடித்து மறுபடி ஏறச் சொல்வார்கள். அதற்கும் சேர்த்து, விமானம் கிளம்ப மூன்று மணி நேரம் இருக்கும்போதே அங்கே போய்விடுங்கள்.